பரிசலின் அடி உலர்ந்திருக்கட்டும்

தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லிலும், அதற்குக் கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலும் பரிசல் ஓட்டுவதும் மீன் பிடிப்பதும் ஆற்றோரக் குடும்பங்களுக்கு வருவாய் தரும் தொழில்கள். முன்னாளில் பரிசலுக்குத் தோல் போர்த்தினர். பின்னர் மூங்கில் பிளாச்சுக் கூட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசும் முறை வந்தது. எதுவாயினும், அடியில் நீர் தேங்கினால் பரிசலுக்கும் ஆளுக்கும் கேடுதான்.

தேங்கும் நீரின் பளு

அடித்தளம் 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலில் 2 செ.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் அது சுமார் 63 லிட்டர். அதாவது 63 கிலோ. ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றியதற்கு இது சமம். ஆளாவது ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். நீரோ பரிசல் சாயும் பக்கமே ஓடி, மேலும் சாய்த்துவிடும். எனவே துறையை விட்டுக் கிளம்பும் முன் நீரை முழுவதும் இறைத்துவிட வேண்டும். தகர டப்பாவின் விளிம்பு தாளைக் கிழிக்கும்; பிளாஸ்டிக் குவளையே நல்லது. மிஞ்சும் ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுக்கலாம்.

நாற்றம் ஏன்?

மீன் செதில், இரத்தம், சேறு ஆகியவை நீருடன் பிளாச்சுகளின் இடுக்கில் தங்கிக் காற்றின்றி அழுகுவதே நாற்றத்திற்குக் காரணம். அதே ஈரத்தில் பூஞ்சாணம் வளர்ந்து மூங்கிலும் மக்குகிறது. ஆகவே நாற்றத்தை மூங்கில் கெடுவதற்கான முன்னறிவிப்பாகக் கொள்ள வேண்டும்.

தினசரிப் பராமரிப்பு

* மீனைக் கூடையில் வைத்து, அடியில் கழற்றக்கூடிய மூங்கில் தட்டி போடவும்.
* வேலை முடிந்ததும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவவும்.
* கரையேற்றிக் கவிழ்த்து, ஒரு பக்கத்தைக் கல்லின் மேல் தூக்கி வைக்கவும். உள்ளே காற்றோட்டம் வேண்டும். கடும் வெயிலில் நாள் முழுவதும் கிடந்தால் தார் இளகும். மர நிழல் ஏற்றது.
* நாற்றம் நீடித்தால் 10 லிட்டர் நீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து உட்புறம் தடவி, 10 நிமிடம் கழித்து நல்ல நீரால் கழுவவும். இதை ஆற்றை விட்டுத் தள்ளிச் செய்யவும். கழுவிய நீர் மீன்களுக்கு ஆகாது. இதனுடன் அமிலம் எதையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.
* நாற்றத்தை மறைக்க மண்ணெண்ணெய் தெளிப்பது தவறு. அது தாரைக் கரைத்துவிடும்.

ஒழுக்கை அடைத்தல்

உலர்ந்த பரிசலைக் கற்களின் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே சிறிது நீர் ஊற்றினால் கசியும் இடம் வெளியே தெரியும். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, நன்கு உலர்த்திய பிறகே ஒட்டுப் போட்டுத் தார் பூச வேண்டும். ஈரத்தின் மேல் தார் பிடிக்காது. தாரைக் கூரை வீட்டருகே காய்ச்சக் கூடாது. கொதிக்கும் தாரில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் பொங்கித் தெறிக்கும். தீப்பிடித்தால் அணைக்க உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்.

வெள்ளக் காலத்தில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கும் நாட்களை இப்பழுது பார்க்கும் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். தடை நீங்கும்போது பரிசல் ஓட்டத்திற்குத் தயாராக இருக்கும்.