வாசலில் கொஞ்சம் மண் இருக்கட்டும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வீடுகள் நெருக்கமானவை. பல வீடுகளில் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே மிஞ்சுவது ஒரு வண்டி நிற்கும் இடம்தான். அதையும் சிமென்ட் பூசி மூடாமல் மண்ணாகவே வைத்திருப்பது நல்லது. இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. மழை பெய்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 10 சதுர மீட்டர் வாசலில் 9,700 லிட்டர் விழும். சிமென்ட் தரையில் பெரும்பகுதி சாக்கடைக்கு ஓடிவிடும். மண் அதில் நல்ல பங்கைக் குடிக்கும். ஏப்ரல் மாங்காய் மழையில் எழும் மண்வாசனையும், சாணம் தெளித்த தரையில் அரிசிமாக் கோலமும், மாலையில் அனலடிக்காத வாசலும் பெரிய சுகங்கள்.

சக்கரம் உருளும் தடத்தில் மட்டும் கருங்கல் பலகை பதித்து, இடையில் அருகம்புல் வளர்க்கலாம். சேறாகும் இடத்தில் நாலு விரல் ஆழம் மண்ணை வெட்டியெடுத்து முக்கால் அங்குல ஜல்லி நிரப்ப வேண்டும். சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகியே அமையட்டும். பள்ளத்தில் நீர் தேங்கினால் கொசு பெருகும். எண்ணெய் ஒழுகும் வண்டியைப் பழுது பார்த்த பிறகே மண்ணில் நிறுத்த வேண்டும்.