காலம் கடந்த வழக்கு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

மருத்துவரின் கவனக்குறைவால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தை நாடலாமா? நியாயம் நம் பக்கம் இருந்தால் என்றைக்குப் போனாலும் கிடைக்கும் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உரிமையியல் நீதிமன்றங்களுக்கான கெடுவை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வகுத்துள்ளது. 1908-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் உடற்காய வழக்குகளுக்குக் கெடு ஓராண்டே. இப்போதைய சட்டத்தில் அதற்கெனத் தனி விதி இல்லாததால், எஞ்சிய வழக்குகளுக்கான பொது விதிப்படி மூன்றாண்டு ஆகும். 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி குடும்பத்தார் இழப்பீடு கோரினால், இறந்த நாளிலிருந்து இரண்டாண்டு. கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பார் சுட்டிக்காட்டாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தே தீரவேண்டும். காயம்பட்டவர் சிறுவரானால், 18 வயது நிறைந்த நாளிலிருந்தே அவருக்குக் கெடு கணக்கிடப்படும்.

கட்டணம் பெறும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் அடங்கா. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையீட்டுக்குக் கெடு இரண்டாண்டு. தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்.

இந்தக் கெடு எந்த நாளில் தொடங்குகிறது? இதுவே சிக்கலான வினா. 1993-இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒருவரின் வயிற்றில் துணிப்பஞ்சு தங்கிவிட்டது. 2002-இல் மறு அறுவையின்போதுதான் அது தெரிந்தது. 2004-இல் முறையிட்டார். கேடு உடனே புலப்படாதபோது, அதை அறிந்த நாளிலிருந்தோ, முயன்றால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் கணக்கிடப்படும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் இவருக்கு முதல் அறுவைக்குப் பின் வலி நீடித்தே இருந்தது. அப்போதே காரணத்தை ஆராய்ந்திருக்க வேண்டும் என்று கூறி, முறையீடு காலம் கடந்தது என முடிவு செய்தது.

கெடு எதற்கு? ஆண்டுகள் செல்லச் செல்லச் சாட்சிகள் மறப்பர், ஏடுகள் மறையும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை மருத்துவர் மூன்றாண்டுகள் காத்தால் போதும். ஆனால் அதே விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவற்றைத் தரவேண்டும் என்றும் கூறுகின்றன. இதை அறிந்தவர் எத்தனை பேர்?

நம் வீடுகளில் மருத்துவமனைச் சீட்டுகளை அடுப்பங்கரை ஓரத்தில் செருகிவைப்பர். "தலையெழுத்து" என்று சொல்லித் தேற்றிக்கொள்வர். அப்படியே இரண்டாண்டு ஓடிவிடும். பெண்கள், பட்டியல் இனத்தவர், தொழிலாளர் முதலியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அந்தச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிவைப்பதும், அவற்றில் எழுதியிருப்பதைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்வதும் கல்லூரிக்கு வந்த நம் கடமையாகும்.