விளக்கும் உரிமையும்

மாலையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வீடுகளில் மின்விளக்கு எரிகிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அணைகளிலிருந்து வருகிறது. அனல் மின் நிலையங்களிலிருந்து வருகிறது. குமரி மாவட்டத்தைத் தாண்டியுள்ள கூடங்குளத்திலிருந்தும் கேரளத்துக்கு ஒரு பங்கு வருகிறது.

கூடங்குளத்தில் இருப்பது அணுமின் நிலையம். 2011ஆம் ஆண்டு ஜப்பானில் சுனாமி வந்தது. புகுஷிமா அணு உலைகள் சேதமடைந்தன. அதை அறிந்து இடிந்தகரை மீனவ மக்கள் அஞ்சினர். விபத்து நேர்ந்தால் எங்கே போவது? கடல் கெட்டால் எப்படிப் பிழைப்பது? இப்படிக் கேட்டுப் போராடினர். பலர் மீது தேசத் துரோக வழக்கும் போடப்பட்டது.

நாட்டுக்கு மின்சாரம் தேவை, நிலையம் பாதுகாப்பானது என்றது அரசு. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நிலையம் இயங்கலாம், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும், போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றது.

மின்சாரமும் வேண்டும். உயிருக்குப் பாதுகாப்பும் வேண்டும். கேள்வி கேட்பது குற்றமல்ல. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி யாரும் மனு எழுதி அரசிடம் விவரம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதக் கற்றவர் தம் மனுவைத் தாமே எழுதலாம்.

பேசுவோம்: நம் ஊர் மின்சாரம் பற்றி அரசிடம் என்ன கேட்கலாம்? ஒரு கேள்வி எழுதுங்கள்.