நாதமும் பெயரும்

நுழையும்முன்

இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டக் காகிதத்தில் சில சொற்களே இருக்கும். பாடியவர் யார், பாடல் எது, இராகமும் தாளமும் யாவை என்பவற்றை அச்சொற்கள் கூறும். காகிதம் கிழிந்துபோனாலும் தட்டு பாடும். ஆனால் பாடுபவர் யாரென்று அது கூறாது. புகழ்பெற்ற இசைப்பதிவுகள் பலவற்றை ஒன்றுதிரட்டித் தொகுப்பாக வெளியிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அத்தொகுப்புகள் எவற்றைக் காக்கின்றன, எவற்றைத் தவறவிடுகின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

தொகுத்தல் தமிழருக்குப் பழகிய கலை. பல காலத்தில் பலர் பாடிய அகப்பாடல்களையும் புறப்பாடல்களையும் பொருளும் அளவும் நோக்கி நிரல்படுத்தி எட்டுத்தொகை ஆக்கினர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். பாடியவரோடு தொகுத்தவரையும் நினைவில் வைத்த மரபு அது.

அத்தொகைநூல்களுள் பரிபாடல் இசையோடு நெருங்கிய உறவுடையது. எழுபது பாடல்களாக இருந்த அந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. அவற்றுள் பலவற்றின் இறுதியில் பாடலை இயற்றிய புலவர், அதற்கு இசை வகுத்தவர், பாடவேண்டிய பண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார் முதலிய இசைவாணர்களின் பெயர்களை அக்குறிப்புகளாலேயே அறிகிறோம். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களின் பெயர்களும் உள்ளன. ஆயினும் பெட்டனாகனார் அமைத்த இசை எவ்வாறு ஒலித்தது என்பதை இன்று எவராலும் கேட்டறிய இயலாது. ஓலை சொல்லைத் தாங்கியது. குரலைத் தாங்க அதற்கு வழியில்லை. பெயர் எஞ்சியது, நாதம் மறைந்தது.

அரக்கில் பதிந்த குரல்

குரலைத் தாங்கும் கருவியை 1877இல் தாமஸ் ஆல்வா எடிசன் உருவாக்கினார். அவருடைய கருவி உருளை வடிவப் பதிவைப் பயன்படுத்தியது. எமில் பெர்லினர் 1887இல் தட்டு வடிவப் பதிவுக்கு வழிகண்டார். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கத் தட்டே ஏற்றதாக இருந்தமையால் அது உலகெங்கும் பரவியது. அத்தட்டுகள் அரக்கோடு தாதுப்பொடிகளைக் கலந்து செய்யப்பட்டவை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கு பெருமளவில் இந்தியக் காடுகளிலிருந்தே ஏற்றுமதியானது. இங்கிருந்து கப்பலேறிய அரக்கு இந்நாட்டுக் குரல்களைச் சுமந்துகொண்டு தட்டாகத் திரும்பியது எனலாம்.

பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவது அப்பதிவுகளில் கேட்கிறது. அதனைத் தற்பெருமை எனக் கருதுதல் தவறு. மூலப்பதிவுகள் செருமனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தட்டுகளாக அச்சாயின. அங்கிருந்த தொழிலாளர்க்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டவேண்டும் என்பதை அவர்கள் அறிவதற்கு அக்குரலே துணைநின்றது. கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை 1908இல் அமைந்தது.

ஊர்ப்பெயர் தாங்கிய பாடகியர்

தென்னாட்டுக்கும் ஒலிப்பதிவாளர்கள் வந்தனர். ஆண் வித்துவான்களுள் பலர் தொடக்கத்தில் கருவியின்முன் பாடத் தயங்கினர். துணிந்து முன்வந்தவருள் பெரும்பாலோர் இசையையும் ஆடலையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் என ஊர்ப்பெயரே அவர்களுக்கு முன்னொட்டாயிற்று. சேலம் மாவட்டத்து மாணவர்கள் கோதாவரியின் பெயரை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள் என்றால் அது வியப்பன்று. சேலத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துத் தொலைவிடங்களில் ஒலிக்கச் செய்த முன்னோடி அவர். இருந்தும் அவருடைய பெயரை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களே பெரிதும் அறிவர்.

கோயம்புத்தூர் தாயியின் (1872–1917) கதை வேறு. நூற்றுக்கணக்கான பாடல்களை அவர் பதிவு செய்தார். 1912ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ், அவருடைய இசையில் மனம் தோய்ந்தார். தம் இசைப்படைப்பொன்றில் தாயியின் குரல் நெளிவுகளை மேலைநாட்டுக் கருவிகளின் வழியே கொண்டுவர முயன்றார். தட்டு இல்லையேல், கொங்குநாட்டு நகரொன்றின் பெயர் தாங்கிய குரல் பாரிசு நகரத்து இசையறையில் ஆராயப்பட்டிருக்காது.

அக்காலப் பதிவு முறையும் கடுமையானது. ஒலிவாங்கி வழக்குக்கு வராத 1925ஆம் ஆண்டுக்கு முன்னர், பாடுபவர் பெரிய கூம்புக்குழாயின் வாயருகே முகத்தை வைத்து உரத்த குரலில் பாடவேண்டும். மென்மையாகப் பாடினால் ஊசி அசையாது. ஆகவே, பழைய தட்டுகளில் குரல் வன்மையாக ஒலிப்பதைக் கேட்டு அக்காலத்தவர் நயமின்றிப் பாடினர் என்று முடிவுகட்டுதல் நேர்மையாகாது. மென்மைக்குப் பெயர்பெற்ற வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பு 1930களில்தான், அதாவது மின்முறைப் பதிவு வந்த பின்னரே, தட்டேறியது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

மூன்று நிமிட மேடை

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். ஓர் இராகத்தை ஒரு மணிநேரம் விரித்துப் பாடக்கூடியவர் அதன் உயிர்நாடியான பிடிகளை மட்டும் தேர்ந்து அரை நிமிடத்தில் காட்டி, கீர்த்தனையை விரைந்து பாடி முடிப்பார். சங்கதிகள் குறையும். இடம் போதாதபோது பாடலின் ஒரு பகுதியே விடுபடும். இக்குறுக்கத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் அதிலும் ஓர் அருமை உண்டு. இராகத்தின் முகத்தை முதல் பிடியிலேயே காட்டவேண்டிய கட்டாயம் பாடகர்களிடம் ஒருவகைச் செறிவை வளர்த்தது. நீண்ட ஆலாபனைக்குப் பெயர்பெற்ற திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி, தட்டில் சில நிமிடங்களே ஒலிக்கிறது. ஆயினும் அது தோடி என்பதில் கேட்பவர் எவருக்கும் ஐயம் எழாது.

இத்தகைய பதிவுகளைத் தொகுப்பாகக் கேட்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். பத்துத் தட்டுகளை வரிசையாகக் கேட்பது ஒரு கச்சேரியைக் கேட்பதாகாது. கச்சேரியில் வர்ணம் தொடங்கி மங்களம் வரை ஓர் ஏற்றமும் இறக்கமும் உண்டு. தொகுப்பிலோ பத்துத் தொடக்கங்களும் பத்து முடிவுகளுமே உண்டு. 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதியமுடிந்தது. அதன்பின் பழைய அரக்குத் தட்டுகள் பலவற்றை ஒரே நெடுந்தட்டில் சேர்க்கும் வாய்ப்பும் உருவாயிற்று. எல்லாவற்றையும் சேர்க்க இடமில்லை. எனவே தெரிவு தேவைப்பட்டது.

அவ்வாறான தெரிவுகளுள் உலகப் புகழ்பெற்றது 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட பொன்முலாம் பூசிய தட்டு. கார்ல் சேகன் தலைமையிலான குழு மனித இனத்தின் இசையிலிருந்து 27 படைப்புகளைத் தேர்ந்தது. இந்தியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே இசை, கேசர்பாய் கேர்க்கர் பைரவி இராகத்தில் பாடிய மூன்றரை நிமிடப் பாடல். அதனைப் பரிந்துரைத்த ராபர்ட் பிரவுன் தென்னிந்தியாவின் மிருதங்கத்தை ஆராய்ந்த அறிஞர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துரைகளும் உள்ளன. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. தேர்ந்தவர்மீது பழிசுமத்த இது காரணமாகாது. ஒரு தட்டின் பரப்பளவு, கிடைத்த காலம், அருகிலிருந்தவர் மொழி ஆகியவையே பல நேரங்களில் எது உள்ளே, எது வெளியே என்பதைத் தீர்மானிக்கின்றன.

மலையடிவாரத்துத் தொகுப்பாளர்

சேலம் மாவட்டத்தின் கிழக்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் அருகில், சுவேத நதி பாயும் பகுதியில் உள்ளது கெங்கவல்லி. சென்னைச் சபாக்களின் மார்கழிக் கச்சேரிகள் இத்தகைய ஊர்களுக்கு எட்டாத தொலைவில் நிகழ்ந்தன. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும், திருவிழாக்களுக்கு வந்த மைக்செட்டுமே இங்குள்ள உழவர்க்கும் கைவினைஞர்க்கும் செவ்விசையைக் கொண்டுவந்தன. மைக்செட்காரர் தட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி எடுத்துவருவார். விடியற்காலையில் நாகசுரம், அடுத்துப் பிள்ளையார்மீது சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாடல், பின் கே. பி. சுந்தராம்பாளின் முருகன் பாடல் என ஒரு முறைவைப்பு அவரிடம் இருக்கும். திருமணமாயின் ஒரு வரிசை, கோயில் விழாவாயின் வேறொரு வரிசை. பொழுதும் சடங்கும் அறிந்து இசையை நிரல்படுத்திய அவரும் ஒரு தொகுப்பாளரே. பூரிக்கோவுக்குக் கிடைத்த பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் பெட்டியிலிருந்த நாகசுரத் தட்டு பெரும்பாலும் அண்டை ஊர்க்காரருடையது. இராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டையின் பெயரை இசையுலகில் நிலைநாட்டிய கிருஷ்ணன் (1924–2001) 1981இல் பத்மஸ்ரீ விருதும் அதே ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றவர். நெடுந்தட்டும் ஒலிநாடாவும் அவர் வாசிப்பை வீடுதோறும் சேர்த்தன. மேளக்காரரை அமர்த்த வசதியில்லாத திருமணங்களிலும் அவருடைய நாகசுரம் முழங்கியது. பின்னர் ஒலிநாடா கடைகளில் ‘மங்கல இசை’ என்னும் பொதுப்பெயரில் தொகுப்புகள் வந்தன. தாலி கட்டும் வேளைக்குரிய கெட்டிமேளம் முதல் நலங்குப் பாட்டு வரை அவற்றில் இருக்கும். வாசித்தவர் பெயர் சிலவற்றில் சிறிய எழுத்தில் இருக்கும். படியெடுத்த நாடாக்களில் அதுவும் இராது. ஒரு கலைஞரின் மூச்சு இலட்சக்கணக்கான மணமேடைகளில் ஒலித்திருக்க, அம்மேடையில் இருந்தவர்களுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருப்பர்? பரிபாடலின் நிலை இங்குத் தலைகீழாகிவிட்டது. நாதம் எஞ்சியது, பெயர் மறைந்தது.

தொகுப்பவர் செய்யவேண்டுவன

பழைய தட்டைக் கணினியில் ஏற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். முதலில் வேகம். நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பின்னாளில் நிலைபெற்ற அளவு. தொடக்ககாலப் பதிவுகள் அதனினும் குறைந்தோ மிகுந்தோ சுழன்றன. 72 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓடவிட்டால் நான்கு கட்டைச் சுருதியில் பாடியவர் நாலரைக் கட்டையையும் தாண்டி ஒலிப்பார், காலப்பிரமாணமும் விரைவுபடும். அது பாடியவருக்கு இழைக்கும் அநீதி. அடுத்தது இரைச்சல். ஊசி உரசும் ஒலியை முற்றிலும் நீக்க முற்பட்டால் தம்பூராவின் மெல்லிய ரீங்காரமும் அதனோடு போய்விடும். சற்று இரைச்சலோடு கேட்பதே பெரும்பாலும் மேலானது. பாடகி தம் பெயரைக் கூறும் இறுதி நொடிகளைப் பாடலுக்குப் புறம்பானவை என வெட்டிவிடுவது எல்லாவற்றினும் பெரிய பிழை.

பக்கவாத்தியக்காரரை முதன்மைப் பாடகருக்கு நிழலாகவே பழைய தட்டுகள் கருதின. வயலினும் மிருதங்கமும் வாசித்தவர் பெயர் வட்டக் காகிதத்தில் பெரும்பாலும் இல்லை. தட்டு வணிகர்களின் விலைப்பட்டியல்கள், பாட்டுப் புத்தகங்கள், குடும்பத்தார் நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே அவற்றை மீட்கவேண்டியுள்ளது. சென்னையில் 1980 முதல் இயங்கிய சம்பிரதாயா, புணேயில் 1982இல் தொடங்கிப் பின்னர் குருகிராமுக்கு மாறிய இனவிசையியல் ஆவணக்காப்பகம் போன்றவை ஒலியோடு இத்தகைய செய்திகளையும் சேர்த்துப் பேணின.

இன்று விரல்நீள நினைவகத்தில் ஐந்நூறு பாடல்கள் அடங்குகின்றன. அவற்றுள் பல ‘பாடல் 1’, ‘பாடல் 2’ என்னும் எண்களோடு மட்டும் கைமாறுகின்றன. அரக்குத் தட்டு தவறி விழுந்தால் உடைந்தது. ஒலிநாடா பூஞ்சை பிடித்தது. இப்பதிவுகளோ உடைவதுமில்லை, பூஞ்சை பிடிப்பதுமில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டையோ நாடாவையோ ஒலிக்கச் செய்யும் கருவி இல்லாவிட்டாலும், அதன்மேல் உள்ள எழுத்துகளைப் படித்து எழுதிவைக்க ஓர் எழுதுகோல் போதும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் பழைய இசைத்தட்டு, ஒலிநாடா வைத்திருப்போரையும் மைக்செட் தொழில் செய்த முதியோரையும் கண்டு உரையாடுக. அவர்கள் திருமணத்திற்கும் கோயில் விழாவிற்கும் எவ்வெவ்வரிசையில் பாடல்களை ஒலிபரப்பினர் எனக் கேட்டுக் குறித்து வருக. ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர், இயற்றியவர், இராகம், தாளம், பக்கவாத்தியம், வெளியிட்ட நிறுவனம், தட்டின் எண் ஆகியவற்றைப் பட்டியலிடுக. தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுக, ஊகித்து நிரப்பற்க.