அம்மை பேரில் ஒரு தர்மம்: கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மை இறந்து ஆண்டு திரும்புகிறது. மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. துபாயில் இருக்கும் தம்பி ஊருக்கு வருகிறான். ‘ஒரு தர்மம் பண்ணணும்’ என்ற பேச்சு குமரி மாவட்டத்து வீடுகளில் இப்படித்தான் தொடங்கும். கோயில் என்றால் அன்னதானம், சி.எஸ்.ஐ. சபை என்றால் அசனம், பள்ளிவாசல் என்றால் கந்தூரி. சோறு போடுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார், ஒன்றாக இருந்து உண்ண வைத்தார். பல தெருக்களில் நடக்கவே தடை இருந்த திருவிதாங்கூரில் அந்தப் பந்தி பசியை மட்டும் தீர்க்கவில்லை, உண்டவரின் தலையையும் நிமிர்த்தியது. வாங்கியவர் நிமிர்ந்தாரா என்பதே கொடையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம், ஊர் மெச்ச வேண்டும் என்று சக்திக்கு மேலும் போக வேண்டாம். ஒரே நாளில் 50,000 ரூபாயைச் செலவழிப்பதைவிட, மாதம் 1,000 என்று நான்கு ஆண்டு கொடுப்பது பல இடங்களில் அதிகம் உதவும். விடுதியின் கரண்ட் பில்லும் முதியோரின் மருந்துச் செலவும் மாதாமாதம் வருகின்றன. நம் பக்கத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களே, அந்தப் பிடியரிசிக் காணிக்கை இந்தக் கணக்கைப் புரிந்தவர்கள் தொடங்கியது. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கு அரசுகளும் கொடுத்தன. ஆனால் மண்டபப் பணியை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே நாடெங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாக எளிய மக்களிடம் திரட்டினார். 1970 செப்டம்பரில் திறந்த மண்டபத்தில் அந்தச் சில்லறைக்கும் பங்கு உண்டு. சிறு தொகை என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்தது கேட்பது. பெரும்பாலான கொடைகள் வீணாவது இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று நம் கரை முழுவதும் சாவு. தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாக உதவி வந்தது. அதில் பெருமளவு பழைய துணி. உடுத்த முடியாத கிழிசல்கள் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. அனுப்பியவர்களின் மனம் நல்ல மனம்தான், ஆனால் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் நம் மீனவர்கள் பலர் கடலிலிருந்து திரும்பவே இல்லை. உடல் கிடைக்காதபோது அந்த வீட்டுப் பெண்ணுக்கு அரிசி மூட்டையோடு இன்னொன்றும் தேவைப்படுகிறது: மனு எழுதி, தாசில்தார் அலுவலகத்துக்குக் கூட வந்து, இறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நிற்கும் ஓர் ஆள். அதுவும் தர்மம்தான், சில வீடுகளில் அதுவே பெரிய தர்மம்.

ஆகவே பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், அரசு மாணவர் விடுதியின் காப்பாளர், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், பங்குத்தந்தை என்று அன்றாடம் தேவையைக் கண்ணால் பார்ப்பவர்களாக இருக்கட்டும். ‘என்ன வாங்கித் தரட்டும்?’ என்று கேட்டால் அவர்களும் மரியாதைக்கு நோட்டு, பேனா என்பார்கள். ‘போன வருஷம் பணமில்லாமல் எந்தக் காரியம் நின்றுபோச்சு?’ என்று கேளுங்கள், உண்மையான பதில் வரும். பேச்சிப்பாறை மலையில் காணிக்காரர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நோட்டைவிடப் பள்ளிக்குப் போய்வரும் வண்டிச் செலவு பெரிதாக இருக்கலாம். பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கதவுள்ள கழிப்பறையும் தண்ணீரும் தேவையாக இருக்கலாம்.

இடம் தெரிந்த பிறகு அமைப்பைச் சரிபாருங்கள். பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்பது அவமரியாதை ஆகாது. ஒழுங்காக நடத்துபவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். விழா நாளில் போகாமல் சாதாரண நாளில் மதிய நேரம் போய்ப் பாருங்கள். சமையலறையும் பிள்ளைகளின் முகமும் போதும்.

நிரந்தரமாக ஏதாவது வைக்க நினைப்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முஞ்சிறைக்குப் பக்கத்தில் உள்ள பார்த்திவபுரத்தில், கி.பி. 866 வாக்கில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு பெருமாள் கோயிலும் காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தின் முறையில் ஒரு கல்விச் சாலையும் அமைத்தான். செப்பேட்டில் அதன் விவரம் இருக்கிறது. இடத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வேறு நிலம் மாற்றிக் கொடுத்து முறையாகப் பெற்றான். மாணவர் 95 பேர், எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம், என்ன தெரிந்திருக்க வேண்டும், சண்டையிட்டால் என்ன தண்டம் என்பதெல்லாம் எழுத்தில் உள்ளன. வேதம் ஓதுவோருக்கு மட்டுமே திறந்த சாலை அது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்த விதியில் என்று எழுதி வைத்த ஒழுங்கு இன்றும் நமக்கு வேண்டியது.

நீங்கள் எழுத வேண்டியது ஒரு பக்கம் போதும். அம்மை பேரில் பள்ளியில் ஒரு லட்சம் ரூபாய் வைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறு சதவீத வட்டியில் ஆண்டுக்கு 6,000 கிடைக்கும். அது யாருக்கு? முதல் மதிப்பெண்ணுக்கா, தகப்பன் இல்லாத பிள்ளைக்கா? தேர்ந்தெடுப்பது யார்? தலைமையாசிரியர் மாறிப்போனால்? தகுதியுள்ளவர் இல்லாத ஆண்டில் பணம் என்ன ஆகும்? விலைவாசி ஏறி அந்த 6,000 ஒன்றுக்கும் பற்றாமல் போகும் நாளில் முதலையும் செலவழிக்கலாமா? இவற்றுக்கெல்லாம் அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும். என் கருத்தில், முதல் மதிப்பெண்காரருக்கு எப்படியும் பரிசு வரும், படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். சாதி பார்த்து ஒதுக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக, பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். 1,000 ரூபாய்தான் முடியும் என்றால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் புரவலராகச் சேருங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். வருமான வரிச் சலுகை உரிய அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு. பொருளாகக் கொடுத்தாலோ, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் கூடப்பிறந்தவரே ஆனாலும், அவர் கொடுப்பதை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி உள்ள அமைப்புதான் வாங்க முடியும்.

கொடுக்கும் நாளில் கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள். இல்லத்துப் பிள்ளைகளின் படத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பிறந்தநாள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து முடியும்வரை காத்திருக்கும் குழந்தையின் மனதை நினைத்துப் பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் கொடுத்தவர் பெயரை எழுதுவதையும் விட்டுவிடலாம்.

பணம் இல்லாதவர்களும் கொடுக்கலாம். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோ எடைக்குக் குறையாத ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அது எப்போதும் தேவை. தொழிலையும் கொடுக்கலாம். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல், அந்தப் பயணம் முடிந்து நெய்யூர் மருத்துவமனையின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தபின் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே பல ஆண்டுகள் உழைத்தார். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லாரிடமும் கொடுக்கத் தொழில் இருக்கிறது.

கடைசியாக, காலம். நம் மாவட்டத்தில் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் பால்வெட்டும் நின்றுபோகும். அதே ஜூனில்தான் பள்ளி திறக்கிறது. கட்டணம், சீருடை, செருப்பு எல்லாம் வருமானமே இல்லாத மாதத்தில் வந்து நிற்கின்றன. திவசம் தையில் வந்தாலும், பணத்தை ஒதுக்கி வைத்து மே மாதமே பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.