கண்ணும் செவியும்

தொலைக்காட்சியைக் கண் காண்கின்றது, செவி கேட்கின்றது. இவ்விரண்டும் தம்முள் ஒத்து நின்றாலன்றிக் காட்சி நிறைவுறாது.

மாந்தர்க்குச் செவி இரண்டு. ஒரு புறத்தே எழும் ஒலி, அப்புறத்துச் செவியை முன்னரும் மற்றைச் செவியைச் சிறிது பின்னரும் அடைகின்றது. அவ்விடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணை நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை ஒலி பிறந்த திசையை அறிகின்றது. கண்ணை மூடியிருப்பவனும் தன்னை அழைப்பவர் எப்பக்கம் நிற்கின்றார் எனக் கூறவல்லன் அன்றோ?

இவ்வுண்மையைக் கருவியில் அமைத்துக் காட்டியவர் ஆலன் பிளம்லீன் என்னும் ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர். அவர் 1903ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தவர். 1931ஆம் ஆண்டில் ஒருநாள், பின்னர்த் தம் மனைவியாரான அம்மையாருடன் திரைப்படம் காணச் சென்றிருந்தார். நடிகர் திரையில் எப்பக்கம் நின்று பேசினும், குரல் மட்டும் ஓரிடத்தினின்றே வந்தது. கண் ஒன்று கூற, செவி வேறொன்று கூறிற்று. பிறர் பொருட்படுத்தாத அக்குறையைத் தாம் போக்கவல்லதாக அவர் அவ்வம்மையாரிடம் கூறினார் என்பர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே காப்புரிமை வேண்டி விண்ணப்பமும் செய்தார். ஒலியை இருவழியாகப் பதிந்து, இரண்டு ஒலிபெருக்கிகளால் வெளியிடும் அம்முறையே இன்று ஸ்டீரியோ எனப்படுகின்றது.

அவரே தொலைக்காட்சியின் வளர்ச்சிக்கும் உழைத்தார். 1936ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையினின்று ஒளிபரப்புத் தொடங்கியபோது, அவர் குழுவினர் வகுத்த 405 கோட்டு முறையும் பயன்பட்டது. ஆயினும் அதன் ஒலி ஒரு வழியினதே. 1942ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், ராடார் கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் வீழ, உடன் சென்ற பதின்மரோடு பிளம்லீனும் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 38. தாம் வளர்த்த இரு கலைகளும் இல்லந்தோறும் ஒன்றுகூடியதை அவர் கண்டாரல்லர்.

இன்று அக்கூட்டுறவு எவர்க்கும் எளிது. இக்காலத் தொலைக்காட்சிப் பெட்டி மிக மெலிந்தது. பெரிய ஒலிபெருக்கிக்கு அதனுள் இடமில்லை. உள்ளனவும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருக்கும். ஆதலின் பேச்சுத் தெளிவுறக் கேளாது. முதியோர் பெரிதும் இடர்ப்படுவர். இல்லத்தில் ஸ்டீரியோ கருவி இருப்பின், பெட்டியின் ஒலியைக் கம்பி வழியே அதற்குச் செலுத்தலாம். ஒலிபெருக்கிகள் இரண்டையும் திரையின் இருமருங்கும் சம தொலைவில், அமர்ந்திருப்பவர் செவியளவு உயரத்தில் வைத்தல் வேண்டும். அவ்விரண்டும் காண்போர் இருக்கையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் நன்று. இடவலம் மாற்றி இணைப்பின், இடப்புறம் ஓடும் வண்டியின் ஒலி வலப்புறம் கேட்கும். பெட்டியின் சொந்த ஒலியையும் நிறுத்திவிடல் வேண்டும். இன்றேல் ஒரு சொல்லே இருமுறை ஒலித்து மயக்கும்.

குறையைக் காண்பார் பலர். கண்டு முணுமுணுப்பாரும் பலர். அதன் காரணத்தை ஆராய்ந்து களைவார் மிகச் சிலர். அச்சிலருடைய உழைப்பே பின்வருவோர்க்கெல்லாம் பயனாகின்றது.