சலவைத்தூளின் நொதியும் தொழிலாளரின் மூச்சும்

மும்பை நகரின் தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியினின்று சென்ற தமிழர் தோல் பதனிடும் தொழிலை நடத்தினர். தோலிலுள்ள வேண்டாத புரதங்களைக் கரைத்து மென்மையாக்குதல் அத்தொழிலின் ஒரு படியாகும். இதற்கு முற்காலத்தில் பல நாடுகளில் நாயின் மலமும் பறவைகளின் எச்சமும் பயன்பட்டன. ஜெர்மானிய வேதியியலறிஞர் ஆட்டோ ரோம் என்பார் அவற்றுக்கு மாற்றாகக் கணைய நொதியைத் தோல் தொழிலுக்கு அளித்தார். இரத்தம், பால் முதலியவற்றின் கறைகளிலும் புரதம் உண்டாதலின், அந்நொதியைத் துணி வெளுக்கவும் கையாளலாமென 1913-இல் காப்புரிமை பெற்றார். 1960-களில் பாசிலஸ் என்னும் பாக்டீரியாவினின்று எடுத்த நொதிகள் சலவைத்தூளில் பெருமளவில் சேர்க்கப்பட்டன.

நோய் வெளிப்பட்ட விதம்

அக்காலத்து நொதி நுண்ணிய தூளாக இருந்தது. அதை மூட்டையினின்று கொட்டிக் கலந்த தொழிலாளருக்கு இருமலும், மூச்சிரைப்பும், மார்பு இறுக்கமும் தோன்றின. பிரிட்டனில் தொழிற்சாலை மருத்துவர் பிளின்ட் இதனை 1969-இல் மருத்துவ ஏட்டில் விளக்கினார்.

நொதியும் ஒரு புரதமே. அதன் தூசி மூச்சுடன் உட்சென்றால், சிலருடைய உடல் அதற்கெதிராக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இதற்குச் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகலாம்; அதுவரை தொழிலாளி நலமாகவே காணப்படுவார். ஒவ்வாமை நிலைபெற்றபின் மிகச் சிறிதளவு தூசியும் ஆஸ்துமாவைத் தூண்டும். ஆகவே காற்றில் இந்நொதிக்குக் கன மீட்டருக்கு 60 நானோகிராம் என்னும் வரம்பு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநரால் வகுக்கப்பட்டுள்ளது. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்காகும்.

தடுக்கும் வழி

தீங்கு நீரில் கரைந்த நொதியினின்று பெரிதும் வருவதன்று. பறக்கும் தூசியினின்று வருவது. எனவே நொதியை மெழுகு போன்ற பொருளால் பூசிக் குருணையாக்கினர். கலக்கும் இயந்திரங்களை மூடினர். தூசியை உறிஞ்சி வெளியேற்றினர். நோய் வெகுவாகக் குறைந்தது.

ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். இருண்ட அறையில் சன்னல் வழியே வரும் ஒளிக்கற்றையில் ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தூவினால் அது நேரே விழும். கரும்பலகைத் துடைப்பானை மெல்லத் தட்டினால் சுண்ணத்தூள் நெடுநேரம் மிதக்கும். சலவைத்தூளைக் கொண்டு இச்சோதனை செய்தல் ஆகாது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன

தாராவியில் தோல் பதனிடுதல் இன்று பெரிதும் அருகிவிட்டது. எனினும் சோப்புத் தொழில் உள்ளிட்ட பல கைத்தொழில்கள் நெருக்கமான கூடங்களில் நடைபெறுகின்றன. அத்தகைய இடங்களில் நொதித்தூள் கையாளப்படுகிறதா என வினவுதல் வேண்டும். கொட்டிய தூளைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இத்தூசியைத் தடுக்கப் போதாது.

இருமல் வேலை நேரத்தில் மட்டுமன்றி, வீடு திரும்பிய பின் இரவிலும் வரக்கூடும்; ஆகையால் வேலையின் மீது ஐயம் எழுவதில்லை. விடுமுறையில் மூச்சு இலகுவாகி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் தடைப்படுகிறதா என்று கேட்டறிதல் வேண்டும். ஆம் எனில், தொழிலின் விவரத்தை எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும். காரணம் அறியாது மருந்து மட்டும் தந்து அதே தூசிக்குள் திருப்பியனுப்பினால், அவருடைய மூச்சுத்தடை நிலையாகிவிடலாம்.